ஆடுசதையைத் தேய்க்காதே

தம்பி,

மூன்று வாரமாக உன் குரலையே காணோம். வியாழக்கிழமையிலிருந்து நீ நொண்டுகிறாய் என்று அக்கா நேற்றுதான் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, துருவித் துருவிக் கேட்டது நான்தான். படியேறும்போது பின்னாலிருந்து கல்லெறிந்த மாதிரி சுரீரென்றதாம், திரும்பிப் பார்த்தால் யாருமில்லையாம். அடியே படவில்லை, அதனால் வெறும் சுளுக்கு என்றாயாம்.

அடிபடாமலும் ஆடுசதை கிழியும், தம்பி. மேலே இருக்கும் பெரிய சதை முட்டிக்கு மேலே தொடங்கிக் குதிகால் வரை போகிறது. முட்டி நீண்டிருக்கும்போது பாதமும் மேல்நோக்கி மடங்கினால் இரண்டு முனையிலும் இழுபடும். அந்த நொடியில் உந்தி எழுந்தால், சதை முடிந்து நாண் (சதையை எலும்போடு கட்டும் நார்) தொடங்கும் இடத்தில், பெரும்பாலும் உள்பக்கமாக, பிய்ந்துவிடும். 'டென்னிஸ் லெக்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, மட்டையைத் தொடாதவர்களுக்கும் வரும். நாற்பதை ஒட்டிய வயதில்தான் அதிகம். இந்நேரம் கணுக்காலைச் சுற்றி நீலம் பாய்ந்திருக்கும். புதிதாக அங்கே எதுவும் ஆகவில்லை, மேலே கசிந்த ரத்தம் இறங்கி வந்திருக்கிறது.

தேய்க்காதே. தைலம், வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம்.

புது வேலையில் எல்லாரும் உன்னைத்தான் தேடுகிறார்கள் என்று கேட்டுப் பூரித்துப்போனேன். ஒன்பது மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்பதையும் சேர்த்தே கேட்டேன். எனக்கு அதுதான் பயம். காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தாலும் இதே வீக்கம், இதே வலிதான். கிழிந்த காலை அசைக்காமல் வைத்திருந்தால் அங்கேயே உறைவும் சேரலாம். தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடு, ஒரே தடவையில் கிழிசலும் தெரியும், ரத்த ஓட்டமும் தெரியும். ஸ்கேன் பார்க்காமல் நீயாக ஊகத்தில் ரத்தம் உறையாத மாத்திரை தொடங்கக் கூடாது, கிழிந்த இடத்தில் கசிவு கூடிவிடும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கால் கல்லாக இறுகி விரலை அசைக்கவே உயிர் போனாலோ அந்த நிமிஷமே அவசரப் பிரிவு. விடியட்டும் என்று காத்திருக்காதே.

இன்னொன்று. குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடு. அக்காவை ஆடுசதையை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்தச் சொல். பாதம் தானாக உள்ளங்கால் பக்கமாகச் சாய்ந்தால் குதிகால் நாண் முழுதாக அறுந்திருக்காது. அசையாவிட்டால் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போ. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டிருந்தால் அவரிடம் சொல், அவை நாணை நலிய வைக்கும்.

ஸ்கேனில் உறைவு இல்லையென்றால் விரலடியிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை இலாஸ்டிக் பேண்டேஜ் சுற்று. விரல் மரத்துப்போனால் தளர்த்து. படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும். இரண்டு செருப்பிலும் குதிகாலுக்கு அடியில் 1 செ.மீ. மெத்தை வைத்தால் சதை இழுபடாது. வலிக்காத அளவுக்குக் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இரு. பிறகு இரண்டு காலாலும் குதிகால் தூக்கு, அதன்பின் ஒற்றைக் காலால். முட்டியை நீட்டி ஒரு தரம், மடக்கி ஒரு தரம் செய். மடக்கினால்தான் அடியிலிருக்கும் சோலியஸ் என்ற சதைக்கு வேலை, அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். லேசான கிழிசல் மூன்று வாரத்துக்குள் ஆறும், பாதி கிழிந்தால் ஆறு, எட்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரமே வலி போய்விடலாம், உன் அவசரம் எனக்குத் தெரியும். தழும்பு முற்றுமுன் ஓடினால் அதே இடம் மறுபடி பிளக்கும். நல்ல காலுக்குச் சமமாக ஒற்றைக் காலில் 20 தடவை வலியில்லாமல் தூக்க முடிகிற வரை ஓடாதே.

தேய்க்காதே என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், அப்பாவுக்கு இதே வந்தபோது சுளுக்கு என்று இரண்டு நாள் தேய்த்துவிட்டது நான். ரத்தம் கட்டிப்போய் நான்கு மாதம் இழுத்தது. வயதாகிவிட்டது, அதான் ஆறவில்லை என்று அவர் கடைசி வரை தன்னையே நொந்துகொண்டார். படித்தவள் நான், வாய் திறக்கவில்லை.

முட்டிக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதற்கு 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் சுற்றி அளந்து பார். கிழிசலாலும் வித்தியாசம் வரும், ஆனால் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஸ்கேனை நாளைக்குத் தள்ளாதே. அந்த இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அம்மா