247 சீட்டுகள் வேண்டாம், 54 போதும்

அன்பு மருமகளே,

நீ அனுப்பிய கோப்பைப் பொறுமையாகப் படித்துவிட்டேன். டொராண்டோவில் சனிக்கிழமை தோறும் உன்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஒரு சீட்டு விளையாட்டு செய்து, ஜனவரியில் வெளியிட வேண்டும் என்கிற உன் முனைப்பு என்னை மிகவும் மகிழ்வித்தது. சிவகாசியில் அச்சு மையோடு வாழ்ந்தவன் நான். அச்சடித்துத் தருவது என் பொறுப்பு. ஆனால் அச்சுக்கு முன்னால் ஆட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

247 எழுத்துக்கும் 247 சீட்டு போட்டிருக்கிறாய். இது அரிச்சுவடியைக் கத்தரித்து அடுக்கியது போல இருக்கிறது. சீட்டை எடுத்து எழுத்தைச் சரியாகப் படித்தால் ஒரு புள்ளி என்றால், தெரிந்த பிள்ளை ஜெயிக்கும், தெரியாத பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். ஐந்து நாள் பள்ளிக்கூடம் போய்விட்டு ஆறாவது நாளும் வந்து உட்காருகிற குழந்தைக்கு இன்னொரு பரீட்சை வைக்கக் கூடாது. தமிழில் வாய் திறந்தால்தான் ஆட்டம் நகர வேண்டும். அதே நேரத்தில், அதிகம் தெரிந்தவரே எப்போதும் ஜெயிப்பார் என்றும் ஆகிவிடக் கூடாது.

இதற்கான வழி நம் எழுத்திலேயே இருக்கிறது. 12 உயிரும் 18 மெய்யும் கூடித்தானே 216 உயிர்மெய் பிறக்கிறது? உயிரும் மெய்யும் மட்டும் சீட்டாக இருக்கட்டும். ஒரு பிள்ளை 'ழ்', 'ஐ' இரண்டையும் இறக்கி, 'ழை' என்று சொல்லி, அந்த எழுத்து வருகிற ஒரு சொல்லைச் சொல்லட்டும்: மழை, வாழை, ஏழை. நீ எழுதிய விதியில் 'அந்த எழுத்தில் தொடங்கும் சொல்' என்று இருப்பதை மட்டும் மாற்றிவிடு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. ரயில், லட்டு போன்ற கடன் சொற்களை விட்டால் பதினெட்டில் எட்டு மெய் கையிலேயே முடங்கிக் கிடக்கும். சொல்லில் எங்கே வந்தாலும் சரி என்று வைத்துக்கொள்.

'ங்', 'ஔ' இரண்டையும் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்துவிடலாம். ஙூ, ஙௌ போன்ற எழுத்துகளுக்குச் சொல் தேடிப் பிள்ளைகள் தவிக்க வேண்டாம். முழு 247 எழுத்து அட்டவணையை விதிப் புத்தகத்தில் போட்டுவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது. மற்ற எழுத்துகளும் சம எண்ணிக்கையில் வேண்டியதில்லை. 1930-களில் எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் தன் எழுத்துகளுக்குக் கணக்கு வைத்தார். நீயும் ஒரு தமிழ் நாளிதழின் பக்கத்தை உன் வகுப்பில் கொடுத்து எண்ணச் சொல். உயிர்மெய்யைப் பிரித்து உயிரைத் தனியாக, மெய்யைத் தனியாக எண்ண வேண்டும். அதுவே ஒரு நாள் பாடம் ஆகிவிடும்.

52 சீட்டும் 2 ஜோக்கரும் ஒரே ஷீட்டில் அடங்கும்படிதான் சீட்டுக்கட்டு அடிப்பவர்கள் பெரும்பாலும் டை (சீட்டுகளை வெட்டும் அச்சு) வைத்திருப்பார்கள். 54-க்கு மேல் போனால் அடுத்த ஷீட், செலவும் ஏறும். மெய் 30, உயிர் 20 போக 4 சீட்டு மிஞ்சும். அதில் இரண்டு, உகர ஊகாரப் பட்டியலுக்கு, அதாவது கு, கூ போல உ, ஊ சேர்ந்த எழுத்துகளின் வடிவங்களைக் காட்ட. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் லை, ளை, னை எல்லாம் ஒரே ஒழுங்குக்கு வந்துவிட்டன. ஆனால் கு, சு, டு, து, னு இன்னும் ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அதைப் பிள்ளை ஊகிக்க முடியாது, பார்த்துத்தான் பழக வேண்டும்.

மிச்சமுள்ள இரண்டும் துணைச் சீட்டு. போன வாரம் பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதி, எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பையன் 'ள்', 'ஊ' இறக்கிவிட்டுச் சொல் கிடைக்காமல் விழித்தான். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் பாட்டி, தலையை நிமிர்த்தாமலே "உள்ளூர்" என்றார். உடனே அவன் தங்கை "பெங்களூர்" என்று கத்த, ஊர்ப் பெயர் செல்லுமா செல்லாதா என்று பெரிய சண்டை. எனக்கு அந்தச் சண்டை மிகவும் பிடித்திருந்தது. அத்தனையும் தமிழில் நடந்தது. ஆகவே, துணைச் சீட்டை இறக்கினால் வீட்டில் யாரிடமும் சொல் கேட்கலாம், கேட்டவருக்கும் சொன்னவருக்கும் ஆளுக்கொரு புள்ளி என்று வை. ஊர்ப் பெயரையும் அனுமதி. கிளிநொச்சியும் திருநெல்வேலியும் உன் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கிற பெயர்கள்தானே. ஒரு வீட்டில் கதிரை, இன்னொரு வீட்டில் நாற்காலி. வீட்டில் புழங்குகிற சொல் எதுவும் சரி என்று விதியில் தெளிவாக எழுதிவிடு.

அச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அளவு 63 x 88 மி.மீ., தாளின் எடை 300 ஜி.எஸ்.எம்.-க்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) குறையாமல். உயிருக்குச் சிவப்பு, மெய்க்குப் பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பாதே. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் உண்டு. மூலையில் வட்டம், சதுரம் என்று அடையாளமும் வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. கோப்பை அனுப்பும்போது எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்பு. இல்லையென்றால் சில கணினிகளில் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். ஆயிரம் கட்டு அடித்த பிறகு அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

ஜனவரியைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. அதைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்டாரியோ 2014-லும் கனடா நாடாளுமன்றம் 2016-லும் ஏற்றன, பொங்கலும் அப்போதுதான். கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பலரிடம் பணம் திரட்டுவதானால், குறித்த இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் வராது, எட்டினால் 5 சதவீதக் கட்டணமும் பணப் பரிமாற்றச் செலவும் போகும் என்பதை நினைவில் வை. இலக்கைச் சிறியதாக வை, தபால் செலவைத் தனியாகக் கணக்கிடு. இங்கே இந்தியாவிலும் விற்பதாக இருந்தால், 14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 முதல் பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று கட்டாயம். அதை நான் விசாரிக்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. மாதிரிச் சீட்டுக்கட்டையும் விதித் தாளையும் ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, நீ வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து பார். எந்த இடத்தில் உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்களோ, அந்த வரியைத் திருத்தி எழுது.

ஆடிப்பெருக்கு அன்று இங்கே அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். பிறகு டிசம்பர் வரை எந்த அச்சகத்திலும் மெஷின் ஓயாது, உன் சீட்டுக்கட்டுக்கு இடம் கிடைக்காது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்பவும் நாள் பிடிக்கும். ஆகவே ஆனி முடிவதற்குள் கோப்பு என் கைக்கு வந்துவிட வேண்டும். புரூஃப் (சரிபார்ப்பதற்கான மாதிரி அச்சு) எடுத்ததும் இரண்டு சீட்டுக்கட்டைக் கூரியரில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா