பிலடெல்பியாவில் ஒரு பொம்மை

அன்புள்ள கயலுக்கு,

நீ பிலடெல்பியாவுக்கு மாறிவிட்டாய் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் என்ற அறிவியல் மியூசியத்தில் இருக்கும் எழுதுகிற பொம்மைதான். உன் அம்மா ஸ்வெட்டரைப் பற்றி ஏதோ கேட்கச் சொல்கிறாள். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

1928 நவம்பரில் ஒரு பணக்காரக் குடும்பத்திலிருந்து அது அங்கே வந்து சேர்ந்தது. தீயில் கருகி, உடைந்த நிலையில். மெல்ட்சல் என்பவர் செய்தது என்றுதான் அந்தக் குடும்பம் நினைத்திருந்தது. அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் அதைச் சரிசெய்து சாவி கொடுத்தார். நான்கு படம் வரைந்தது, மூன்று கவிதை எழுதியது. கடைசிக் கவிதையின் ஓரத்தில், 'மையார்தேயின் பொம்மை எழுதியது' என்று பிரெஞ்சில் கையெழுத்தும் போட்டது! ஹென்றி மையார்தே என்ற சுவிஸ்காரர் 1800 வாக்கில் லண்டனில் செய்தது என்று அப்படித்தான் தெரிந்தது.

நம் கடையில் பழைய வாட்சின் பின்மூடியைத் திறந்தால், முன்பு பழுது பார்த்தவர் ஊசியால் கீறிய தேதி தெரியுமே, நீகூட லென்ஸ் வைத்துப் படிப்பாய். அதேதான்.

பொம்மைக்குக் கீழே பித்தளைத் தட்டுகள் அடுக்கியிருக்கும். விளிம்பெல்லாம் மேடு பள்ளம். ஒரு தட்டு கையை இடவலமாக நகர்த்தும், ஒன்று முன்பின்னாக, இன்னொன்று பேனாவைத் தூக்கி இறக்கும். கவிதை முழுக்க அந்த விளிம்பில்தான் இருக்கிறது. எத்தனை நாள் அரம் போட்டாரோ!

மெல்ட்சல் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது வேறொன்று: 1770இல் வியன்னா அரண்மனைக்காகக் கெம்பெலன் என்பவர் செய்த, சதுரங்கம் ஆடும் 'துருக்கியன்' என்ற பொம்மை. 1809இல் நெப்போலியனோடும் ஆடியது. பெட்டியைத் திறந்து பல்சக்கரங்களைக் காட்டுவார்கள். ஆடியதென்னவோ உள்ளே ஒளிந்திருந்த ஆள். பல்சக்கரம் வெறும் பாவனை என்பதில் எனக்குக் கோபம்தான். ஆனால் அந்த இருட்டுப் பெட்டிக்குள் மெழுகுவர்த்திப் புகையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஜெயித்தவனை நினைத்தால் கோபம் நிற்பதில்லை. 1854இல் அது எரிந்துபோனதும் உன் ஊரில்தான்.

எழுதும் பொம்மையை எப்போதாவதுதான் இயக்கிக் காட்டுவார்களாம். விசாரித்துவிட்டுப் போ. எல்லோரும் முகத்தை வீடியோ எடுப்பார்கள். நீ தட்டுகள் சுற்றுவதை எடு, சத்தமும் கேட்கிற மாதிரி.

சரி, ஸ்வெட்டர் இருக்கிறதா?

அன்புடன்,
அப்பா