காய்ச்சல் வார்டு நைட் ட்யூட்டிக்கு என்95 மாஸ்க் கேட்டு நாலாவது கோரிக்கை மனு

அனுப்புநர்: காய்ச்சல் வார்டு செவிலியர்கள், வார்டு உதவியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள்
பெறுநர்: உயர்திரு சுகாதாரத்துறை அதிகாரி அவர்கள்
பொருள்: ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு புது மாஸ்க் வழங்கக் கோருவது சம்பந்தமாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதுக்கு முன்னாடி மூணு தடவ மனு குடுத்துட்டோம். மொத மனுவுக்கு ரசீது கெடச்சுது, அடுத்த ரெண்டுக்கு அதுவும் இல்ல. எங்க வார்டு உங்களுக்கு தெரியாதது இல்ல, இன்ஸ்பெக்‌ஷனுக்கு நீங்களே வந்து பாத்தீங்க, கடைசி பில்டிங், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல், அதுலயும் பாதி தெறக்காது. அதனால நேரா விஷயத்துக்கு வர்றோம்.

1. இப்போ ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு என்95 தான் தர்றாங்க. மூணாவது நாளே எலாஸ்டிக் தொங்கிடுது, முடிச்சு போட்டு இறுக்கி மாட்டிக்கிறோம். மூச்சு விட்டா கண்ணாடில ஆவி படியுது, அப்போ காத்து மாஸ்க் வழியா போகல, மூக்கு ஓரத்து சந்துல போய் வருதுன்னு தான அர்த்தம். 0.3 மைக்ரான் துகள்ல 95 சதவீதத்த தடுக்கும்ங்கறது, மொகத்தோட ஒட்டி உக்காந்தா மட்டும் தான் ஐயா.

2. வாரம் பூரா ஒரே மாஸ்க்க போட கூச்சமா இருக்குன்னு சிலர் சானிடைசர் அடிச்சு காய வெக்கிறாங்க, சோப்பு போட்டு அலசுறாங்க. அந்த இழைல இருக்குற மின்னூட்டம் தான் பொடி துகள புடிச்சு வெக்குது, ஸ்பிரிட் பட்டா அது போயிடும். வேணாம்னு நாங்க தான் சொல்றோம். சொன்னா "அப்போ புதுசு குடுங்க சிஸ்டர்"னு கேக்குறாங்க, எங்க கிட்ட என்ன இருக்கு குடுக்க?

3. இது தான் எங்களுக்கு ரொம்ப வலிக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு ஆக்சிஜன் எறங்குதுன்னா ஓடிப்போய் தலமாட்டுல குனிஞ்சு நிக்கணும், சக்‌ஷன் போட்டு சளிய உறிஞ்சி எடுக்கணும், மூச்சுக்குழாய்ல ட்யூப் போடும்போது பக்கத்துல இருந்து எடுத்து குடுக்கணும். அவர் இருமுறது ஒரு சாண் தூரத்துல எங்க மொகத்துக்கு நேரா. அப்போ மாஸ்க் கீழ எறங்குது, க்ளவுஸ் போட்ட கையால தொடவும் முடியாது, தோள்பட்டையால தள்ளி தள்ளி ஏத்திக்கிறோம். அப்படி நின்ன ஒரு சிஸ்டர், சுகர் கெடயாது, பிரஷர் கெடயாது, அதே வார்டுல பேஷண்டா படுத்தாங்க, 16 நாள் ஆக்சிஜன்ல இருந்தாங்க, இன்னிக்கும் ஒரு மாடி ஏறுனா நின்னு மூச்சு வாங்குறாங்க. அதே வாரம் ஓபில இருந்தவங்களுக்கும் காய்ச்சல் தான், நாலு நாள்ல ட்யூட்டிக்கு வந்துட்டாங்க. நெறைய கிருமி உள்ள போனதால தான் நோய் முத்துச்சான்னு டாக்டருங்க சொல்லட்டும். எந்த எடத்துல நின்னவங்க எப்படி படுத்தாங்கன்னு நாங்க கண்ணால பாத்துக்கிட்டு இருக்கோம்.

4. தூய்மைப் பணி அக்காங்களுக்கு வாரத்துக்கு ஒண்ணு கூட இல்ல, சர்ஜிக்கல் மாஸ்க் மட்டும். ட்யூப் போட்ட அஞ்சாவது நிமிஷம் அந்த ரூம தொடைக்க போறது அவங்க தான?

5. கேட்டா "ஸ்டாக் வரல". 2020 மார்ச்ல உலகத்துக்கே தட்டுப்பாடு, உற்பத்திய 40 சதவீதம் கூட்டுங்கன்னு உலக சுகாதார நிறுவனமே கேட்டுச்சு, அப்போ நாங்க வாய தெறக்கல, குப்பை கவர கவுனா கட்டிக்கிட்டு நின்னோம். இப்போ என்ன காரணம்? 2003ல சார்ஸ்ங்கற நுரையீரல் தொத்து நோய் வந்த 8,096 பேர்ல சுமார் 1,700 பேர் ஆஸ்பத்திரில வேல பாத்தவங்க. கொரோனால 2021 மே வரைக்கும் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் சுமார் 1,15,500 பேர்னு அதே நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. இதெல்லாம் நடந்து முடிஞ்ச பெறகும் ஒரு மாஸ்க்குக்கு நாலு மனு எழுதணுமா ஐயா? எங்களுக்கு படுக்க பெட் ஒதுக்க முடியுது, படுக்காம இருக்க மாஸ்க் ஒதுக்க முடியலயா?

கோபமா எழுதிட்டோம்னா மன்னிக்கணும். கவுன், பேஸ் ஷீல்டு, சரியான சைஸ் க்ளவுஸ் எல்லாமே கொறையா தான் இருக்கு, அத அடுத்து பேசிக்கலாம். இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு: சக்‌ஷன், ட்யூப், நெபுலைசர் நடக்குற ரூமுக்குள்ள போற எல்லாருக்கும், தொடைக்க வர்ற அக்கா உட்பட, ஷிப்ட்டுக்கு ஒரு புது என்95. மொகத்துக்கு எந்த சைஸ் ஒட்டுதுன்னு ஒரு தடவ ஃபிட் டெஸ்ட். தயவு செஞ்சு குடுங்க ஐயா.

இன்னிக்கு ராத்திரி ட்யூட்டிக்கு நாங்க 14 பேர் வர்றோம். ஸ்டோர்ல நாலு தான் இருக்கு.

இப்படிக்கு,
காய்ச்சல் வார்டு நைட் ஷிப்ட் பணியாளர்கள்