சட்டம் தருவது எது, பள்ளி தருவது எது: தனியார் பள்ளி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தனியார் பள்ளிகளை நடத்திவரும் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

பதினோர் ஆண்டுகளாக இங்குள்ள தனியார் பள்ளிகளில் தமிழ் கற்பித்து வருகிறேன். இப்போது வேலை செய்வது மூன்றாவது பள்ளியில். மூன்றிலும் பணியில் சேர்ந்த அன்று ஒப்பந்தத்தோடு இணைத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஓரிடத்தில் அதற்கு 'ஊழியர் அனுகூலங்கள்' என்று பெயர், இன்னோரிடத்தில் 'பணியாளர் நலச் சலுகைகள்'. தலைப்பு எதுவானாலும் உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒன்றுதான். அந்தத் தாளைப் பற்றி மட்டுமே இந்த மடலில் பேச விரும்புகிறேன்.

முதல் பள்ளியில் அந்தத் தாளை நான் சரியாகப் படிக்கவே இல்லை. வேலை கிடைத்த மகிழ்ச்சியில், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். சில ஆண்டுகள் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் தம் தாளை என் முன்னால் விரித்து, "அக்கா, பத்து வரி போட்டிருக்காங்க, நல்ல பள்ளிதான் போல" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, பையிலிருந்து பென்சிலை எடுத்து, சட்டப்படி எந்த முதலாளியும் கொடுத்தே ஆக வேண்டியவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மத்திய சேம நிதி (மசேநிதி), ஏழு நாள் வருடாந்திர விடுப்பு, பதினான்கு நாள் மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அறுபது நாள் வரை விடுப்பு, பொது விடுமுறை நாள்கள், மகப்பேற்று விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் என எட்டு வரிகள் அடிபட்டுப் போயின. மீதி இரண்டில் ஒன்று ஆண்டிறுதி விருந்து, மற்றொன்று 'நிர்வாகத்தின் விருப்பத்திற்கு உட்பட்ட' போனஸ். இருவரும் சிரித்தோம். தேநீர் ஆறிப்போன பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் விவரம் தெரிந்தால்தான் நான் கேட்கப்போவதன் நியாயம் விளங்கும் என்பதால், அந்த எட்டு வரிகளில் சிலவற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் நிர்வாகிகள், நிபுணத்துவப் பணியாளர்கள் உட்பட ஏறக்குறைய எல்லா ஊழியர்களும் வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அதற்கு முன்பு மாதம் 4,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் வாங்கிய நிபுணத்துவப் பணியாளர்கள் அதற்கு வெளியே நின்றார்கள், ஆகவே அப்போது விடுப்பைச் சலுகை என்று எழுதியதில் ஓரளவு பொருள் இருந்தது. இப்போது அது இல்லை. முதல் ஆண்டில் ஏழு நாள், பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி எட்டாம் ஆண்டில் பதினான்கு நாள் என்பது சட்டம் வகுத்திருக்கும் அடிமட்டம். மசேநிதிக்கு 55 வயது வரையிலான குடிமகனுக்கும், நிரந்தரவாசத் தகுதி பெற்று மூன்றாம் ஆண்டில் நுழைந்துவிட்டவருக்கும் முதலாளி செலுத்த வேண்டிய 17 விழுக்காட்டை எந்தப் பள்ளியும் தன் தாராளத்தின் அடையாளமாகக் காட்ட முடியாது. அதைச் செலுத்தாமல் இருப்பது குற்றம். செலுத்துவதைச் சலுகை என்று எழுதுவது, வாடகையை ஒழுங்காகக் கட்டுவதற்காக வீட்டுக்காரரிடம் நன்றி எதிர்பார்ப்பது போன்றது.

ஆசிரியர் வேலையில் சட்டம் எட்டாத இடங்கள் பல இருக்கின்றன என்பதுதான் உண்மையான செய்தி. பள்ளியின் பெருந்தன்மைக்கு வேலை இருப்பதும் அங்கேதான். வேலை நேரம், மிகைநேரச் சம்பளம், வார ஓய்வு நாள் ஆகியவற்றைப் பேசும் வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி, உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதவர்களைப் பொறுத்தவரை மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குவோருக்கே பொருந்தும். அலுவலக உதவியாளர் ஒருவர் அந்த வரம்புக்குள் இருந்தால், வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு அவருக்குக் கணக்கு உண்டு. அதே சனிக்கிழமை, பெற்றோருக்கான பொது வரவேற்பு நாளில், அவருக்குப் பக்கத்து மேசையில் காலை எட்டு மணி முதல் நின்றுகொண்டு புன்னகைக்கும் ஆசிரியருக்குக் கணக்கே கிடையாது. அந்தச் சனிக்கிழமைக்கு ஈடாக ஒரு நாள் ஓய்வு கொடுக்கும் பள்ளி, உண்மையிலேயே ஒரு சலுகையைக் கொடுக்கிறது. ஆனால் நான் பார்த்த எந்தத் தாளிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. கொடுத்த பள்ளியிலும் துறைத்தலைவர் வாய்மொழியாகத்தான் சொன்னார்.

விடுப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதைக் கல்வி உலகுக்கு வெளியே இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். அரசாங்கப் பள்ளிகளுக்கு ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. தனியார் பள்ளிகளின் நாள்காட்டி வேறு. சில ஏப்ரலில் தொடங்குகின்றன, சில ஆகஸ்டில். நான் வேலை செய்த பள்ளி ஒன்றில் ஒப்பந்தத்தில் பத்து நாள் விடுப்பு என்று இருந்தது. பாடத் தவணை நடக்கும்போது விடுப்பு எடுக்கக் கூடாது. தவணை முடிந்ததும் பள்ளியே கதவைச் சாத்தும் நாள்கள் அந்தப் பத்தில் கழிக்கப்படும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் விடுப்பு என்று ஒரு நாள்கூட மிஞ்சவில்லை. தைப்பூசம் 1968 முதல் இங்கே பொது விடுமுறை நாள் அல்ல. அந்தப் பள்ளியில் நான் இருந்தபோது ஓர் ஆண்டு தைப்பூசத்தன்று என் மகன் முதன்முறையாகப் பால்குடம் எடுத்தான். கணக்கில் பத்து நாள் விடுப்பு வைத்துக்கொண்டே, அந்த ஒரு நாளுக்குச் சம்பளமில்லா விடுப்பில் தேங்க் சாலை முருகன் கோயிலுக்குப் போய்வந்தேன். எனக்கு அந்த நாளின் சம்பளம் போனது பெரிதாகத் தெரியவில்லை. பத்து என்று எழுதிவிட்டுச் சுழியத்தைக் கொடுத்ததுதான் உறுத்தியது. இதற்கு நேர்மாறாக, என் இரண்டாவது பள்ளி டிசம்பரில் மூடும் நாள்கள் வருடாந்திர விடுப்பில் கழிக்கப்படா என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருந்தது. சம்பளம் அங்கே சற்றுக் குறைவு. இருந்தும் நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தேன்.

மருத்துவ விடுப்பும் இப்படித்தான். பதினான்கு நாள் என்று சட்டம் சொல்கிறது, ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு அது முழுமையாக உண்டு. காய்ச்சலோடு எம்சி (மருத்துவச் சான்றிதழ்) எடுத்து வீட்டில் படுத்திருக்கும் ஆசிரியரின் கைப்பேசி காலை ஆறே முக்காலுக்கு அதிரும்: "இன்றைய ஐந்து வகுப்புகளுக்கும் பயிற்சித்தாள் அனுப்பி வைக்கவும்." படுத்தபடியே வாட்ஸ்அப்பில் ஐந்து வகுப்புகளுக்கும் வேலை அனுப்பிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்ட நாள்கள் எனக்கு உண்டு. மாற்று ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்து, "நோயுற்றவரைத் தொடர்புகொள்ள மாட்டோம்" என்று எழுதித் தரும் பள்ளி இருந்தால், அந்த ஒரு வரிக்காகவே நான் விண்ணப்பிப்பேன்.

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வருகிறேன். அனைத்துலகப் பள்ளி ஊழியர்களிடையே அதிகம் பேசப்படும் சலுகை இதுதான். நான் நிரந்தரவாசியாக முதல் பள்ளியில் சேர்ந்தபோது, என் மகனுக்குப் பாதிக் கட்டணம் என்று முதல்வர் நேர்முகத்தேர்விலேயே சொன்னார். சொன்னபடி ஓராண்டு கொடுக்கவும் செய்தார்கள். மறு ஆண்டு முதல்வர் மாறினார். புதியவர் என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் எழுத்தில் இல்லை என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. நடு ஆண்டில் மகனை எங்கே சேர்ப்பது என்று அலைந்த அந்த மூன்று வாரங்களை விவரிக்கப் போவதில்லை. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகள் அனைத்துலகப் பள்ளிகளில் சேரக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். எனவே, கட்டணக் கழிவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குடிமகளான ஆசிரியைக்குப் பெரும்பாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஆண்டுக்குப் பல்லாயிரம் வெள்ளி மதிப்புள்ள ஒன்றைக் கொடுக்கும் பள்ளி, அதே அறையில் அதே பாடத்தை எடுக்கும் உள்ளூர் ஆசிரியைக்கு ஈடாக என்ன கொடுக்கிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டாமா?

வெளிநாட்டு ஆசிரியர்களின் நிலையும் சொல்லும்படி இல்லை. அவர்களுக்கு மசேநிதி கிடையாது. எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளருக்கான அனுமதி), வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்போருக்கு மருத்துவக் காப்புறுதி வாங்கித் தருவது முதலாளியின் கடமை, 2023 ஜூலை முதல் அதன் ஆண்டு வரம்பு குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் நிபுணத்துவப் பணியாளருக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வரும் ஆசிரியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் பள்ளி வாங்கும் காப்புறுதி உண்மையான சலுகை. ஒப்பந்தம் முடியும்போது சில பள்ளிகள் கொடுக்கும் பணிக்கொடையும் அப்படியே. ஒரு பள்ளியின் தாளில் 'வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தல்' என்பதையே சலுகையாகப் போட்டிருந்தார்கள். அது இல்லாமல் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவே முடியாது என்பதை எழுதியவர் மறந்துவிட்டார் போலும்.

குடிமக்கள் அல்லாத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கான விடுப்புகளையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தை குடியுரிமை பெற்றிருந்தால் ஆண்டுக்கு ஆறு நாள் பராமரிப்பு விடுப்பு, இல்லாவிட்டால் இரண்டு நாள். மகப்பேற்று விடுப்பு முன்னவருக்குப் பதினாறு வாரம், பின்னவருக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டிலும் எட்டு வாரத்துக்குத்தான் முதலாளி சம்பளம் கொடுத்தாக வேண்டும், மீதி நான்கு வாரம் அவர் மனம் வைத்தால். அனைத்துலகப் பள்ளிகளின் ஆசிரியர் அறையில் இந்த இரண்டாம் வகையினர் பலர் இருக்கிறார்கள். அந்த நான்கு வாரத்துக்கும் சம்பளம் தருவோம் என்று எழுதும் பள்ளிக்குச் செலவு எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதை உங்கள் கணக்காளர் ஒரு மாலைப்பொழுதில் சொல்லிவிடுவார்.

மணிக்கணக்கில் சம்பளம் பெறும் ஆசிரியர்களைப் பற்றித் தனி மடலே எழுதலாம். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். பள்ளி போட்ட அட்டவணைப்படி, பள்ளி கொடுத்த பாடநூலை வைத்து, பள்ளியின் மேற்பார்வையில் வாரம் இருபது மணி நேரம் கற்பிப்பவரை 'ஃப்ரீலான்ஸ்' என்று அழைப்பதால் மட்டும் அவர் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கும். வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்யும் பகுதிநேர ஊழியருக்கும் அவருடைய நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் விடுப்பு உண்டு.

உங்கள் தரப்பையும் நான் அறியாதவள் அல்லள். கட்டட வாடகை, தரச்சான்றுக்கான செலவு, ஒவ்வொரு தவணையும் ஏறி இறங்கும் மாணவர் எண்ணிக்கை எல்லாம் உங்களை நெருக்குகின்றன. தனியார் கல்வி நிலையங்களுக்கான எடுடிரஸ்ட் தரச்சான்றுக்காக மாணவர் கட்டணத்தைப் பாதுகாக்கும் ஏற்பாட்டைச் செய்கிறீர்கள். பள்ளி மூடப்பட்டாலும் பெற்றோர் கட்டிய பணம் வீணாகாதபடி அதற்குக் காப்புறுதி இருக்கிறது. (அதே பள்ளியின் ஆசிரியர் சம்பளத்துக்கு அப்படியொரு காப்பு இல்லை என்பதை ஆசிரியர் அறையில் அடிக்கடி பேசிக்கொள்வோம். அது உங்கள் கையில் மட்டும் இருப்பதல்ல என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.)

அதனால்தான் கூடுதல் பணம் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. முக்கிய வேலை நியமன நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். வேலையில் சேர்ந்த பதினான்கு நாளுக்குள் தர வேண்டிய அந்த ஆவணத்தில் விடுப்பு வகைகளும் மருத்துவ அனுகூலங்களும் இடம்பெற வேண்டும். அதைச் சரியாகச் செய்யும் பள்ளிகள் இருக்கின்றன. நான் கேட்பது, அதே ஆவணத்தை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதே. இடப்பக்கம் சட்டம் தருவது, வலப்பக்கம் பள்ளி தன் விருப்பத்தால் தருவது. பள்ளி மூடும் நாள்கள் விடுப்பில் கழியுமா, சனிக்கிழமை வேலைக்கு ஈடு உண்டா, பிள்ளைகளின் கட்டணக் கழிவு எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டுக்கு, அதைப் பயன்படுத்த முடியாதவருக்கு மாற்று என்ன, பயிற்சி வகுப்புக்குப் பள்ளி பணம் கட்டினால் எத்தனை காலம் அங்கே இருந்தாக வேண்டும் என்பவை வலப்பக்கத்தில் வர வேண்டும். அங்கே எதுவும் இல்லையென்றால் வெறுமையாகவே விடுங்கள். வருகிறவர் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

ஜனவரியில் தொடங்கும் பள்ளிகள் ஆசிரியர்களைத் தேடும் காலம் நெருங்குகிறது. புதிய ஒப்பந்தங்களை அச்சடிக்கும் முன் இதைச் செய்ய ஒரு பிற்பகல் போதும். சிற்றுண்டிச் சாலையில் நான் பென்சிலால் அடித்த அந்தத் தாளின் நகல், பள்ளியின் பெயர் நீக்கப்பட்டு, இன்னும் என்னிடம் இருக்கிறது. மாதிரிக்குத் தேவைப்படும் நிர்வாகத்தினர் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தனியார் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்
சிங்கப்பூர்