வேக்குவம் கிளீனர் விளம்பரத்துல வாட்ஸ் மட்டும் போட்டா போதுமாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

தீபாவளி நெருங்க நெருங்க நம்ம பேப்பர்ல முழுப் பக்கத்துக்கு வீட்டு சாமான் ஆஃபர் விளம்பரம் வந்துட்டே இருக்கு, அதுல மிக்ஸி கிரைண்டருக்குப் பக்கத்துலயே இப்ப வேக்குவம் கிளீனரும் நிறைய வருது, எல்லாத்துலயும் பெரிய எழுத்துல 1200 வாட்ஸ், 1600 வாட்ஸ், 2000 வாட்ஸ்னு ஒரு நம்பர், கீழ ஒரு விலை, அதோட முடிஞ்சுது. அதைப் பாத்துட்டு எங்க தெருவுலயே நாலஞ்சு வீட்டுல எது வாங்கலாம்னு கேக்கறாங்க, எல்லாரும் கேக்கற முதல் கேள்வி எத்தனை வாட்ஸ்ங்கறதுதான். அந்த நம்பரை வச்சு வாங்கவே கூடாதுங்க, அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

வாட்ஸ்ங்கறது மோட்டார் எவ்வளவு கரண்டு இழுக்குதுங்கற கணக்கு, தூசியை எவ்வளவு இழுக்குதுங்கற கணக்கு கிடையாது. உள்ள இருக்கற ஃபேன் எப்படி, ஹோஸ் எவ்வளவு அகலம், மூடி காத்து கசியாம உக்காருதா, ஃபில்டர் அடைச்சிருக்கா, இதெல்லாம் சேந்துதான் சக்‌ஷன். ஐரோப்பாவுல 2014 செப்டம்பர்ல இருந்து 1600 வாட்ஸுக்கு மேல வேக்குவம் கிளீனர் விக்க விடறதில்லை, 2017 செப்டம்பர்ல அதையும் 900 வாட்ஸா குறைச்சுட்டாங்க. அங்க நிறைய வீட்டுல கார்ப்பெட். கார்ப்பெட்டுக்குள்ள புதைஞ்ச தூசிக்கே 900 வாட்ஸ் போதும்னா டைல்ஸும் மொசைக்கும் போட்ட நம்ம வீட்டுக்கு எதுக்குங்க 2000?

அப்ப எதைப் பாக்கணும்னா பெட்டியில கிலோ பாஸ்கல்னு ஒரு நம்பர் போட்டிருக்கான்னு பாருங்க, அதுதான் உறிஞ்சற அழுத்தம், வயர் மாட்டற சாதாரண மாடல்ல 16ல இருந்து 22 வரைக்கும் பாக்கலாம். சில பெட்டியில நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் காத்துன்னும் இருக்கும், ரெண்டும் போட்டிருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா அழுத்தம் இருந்து காத்து கம்மியா போனாலும் குப்பை ஹோஸுக்குள்ளயே நின்னுடும். இன்னொன்னு, ரோபோ வேக்குவம் விளம்பரத்துல 5000 பாஸ்கல்னு போடுவாங்க, அதைப் பாத்ததும் பெரிசா தெரியும், ஆனா 1000 பாஸ்கல் சேந்தாதான் 1 கிலோ பாஸ்கல், அதனால அது வெறும் 5 கிலோ பாஸ்கல்தான்.

இப்ப எங்க ஊரு விஷயத்துக்கு வர்றேங்க. திருப்பூர்ல எங்கள மாதிரி முன் ரூம்ல ஓவர்லாக் ஒன்னு, பேட்லாக் ஒன்னுன்னு பனியன் தைக்கற மெஷின் போட்டுட்டு பின் ரூம்ல குடும்பம் நடத்தறவங்க ஏராளம். பனியன் துணி வெட்டற இடத்துல, தைக்கற இடத்துல எல்லாம் பஞ்சு பறக்கும், சாயங்காலம் மெஷின் தலையைத் தூக்கிப் பாத்தா லூப்பருக்கு, அதாவது அடியில நூலைக் கோத்து விடற கொக்கிக்கு, கீழ பஞ்சும் ஆயிலும் சேந்து மெத்து மெத்துன்னு ஒரு அட்டையாட்டம் படிஞ்சிருக்கும், அதை டுவீசர்ல புடிச்சு இழுத்தா பூரா ஒரே துண்டா வரும். கருப்பு பீஸ் ஓட்டுன மெஷின்ல அடுத்து வெள்ளை பீஸ் ஓட்டுனா கருப்புப் பஞ்சு தையல்ல ஏறிக்கும், செக்கிங்ல பீஸ் திரும்பி வந்துடும். இதுக்கு நிறையப் பேரு ப்ளோயர் வச்சு ஊதறாங்க. ஊதினா மெஷின் சுத்தம், ஆனா அந்தப் பஞ்சு எங்கங்க போகும்? பின் ரூம்ல தொட்டில்ல தூங்கற குழந்தை மேல, கட்டில்ல, சோத்துச் சட்டி மேல. எங்க அத்தைக்கு வீசிங் இருக்கு, ப்ளோயர் சத்தம் கேட்டாலே முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்குவாங்க. ஊதறதை நிறுத்திட்டு உறிஞ்சணும், அதுதான் வீட்டோட தொழில் பண்றவங்களுக்கு சரியான வழின்னு நான் உறுதியா சொல்லுவேன்.

பஞ்சுக்குன்னு வாங்கும்போது பாக்க வேண்டியது வேறங்க. ஐரோப்பாவுல வேக்குவம் கிளீனருக்கு ஸ்டார் மாதிரி ஒரு லேபிள் ஒட்டிட்டு இருந்தாங்க, 2018 நவம்பர்ல அங்க இருக்கற கோர்ட்டு அந்த விதியை ரத்து பண்ணிருச்சு, காரணம் என்னன்னா டெஸ்ட்டு பண்ணும்போது தூசிப் பை காலியா இருக்கற நிலைமையில பண்ணினாங்களாம். தூசி நிறைய நிறைய சக்‌ஷன் குறையுமே, வீட்டுல யாருங்க காலிப் பையை வச்சு கூட்டறாங்கன்னு ஒரு கம்பெனி கேஸ் போட்டு ஜெயிச்சுது. பஞ்சுக்கு இது இன்னும் பொருந்தும். மண்ணு தூசி அடியில உக்காந்துடும், பஞ்சு அப்படி இல்ல, நேரா போய் ஃபில்டர் மேல போர்வை மாதிரி மூடிக்கும், அஞ்சு நிமிஷத்துல மோட்டார் சத்தம் கீச்சுன்னு மாறிடும், அப்படி மாறினா காத்து போகலைன்னு அர்த்தம், உடனே ஆஃப் பண்ணிட்டு ஃபில்டரை எடுத்துத் தட்டணும். அதனால சின்னக் கப்பு வச்ச கையடக்க மாடல் எங்கள மாதிரி வீட்டுக்கு ஆகவே ஆகாது. 10 லிட்டருக்கு மேல டிரம் வச்சது, துணிப் பையோ பேப்பர் பையோ போடற மாதிரி இருக்கறது, வாய் அகலமான ஹோஸ், இதுதான் வேணும். அடியில சுத்தற பிரஷ் ரோலர் இருக்கற மாடல் வேண்டாங்க, நூல் பிசிறும் பொம்பளைங்க தலைமுடியும் அதுல சுத்திக்கிட்டு கத்திரிக்கோல் வச்சு வெட்டி வெட்டி எடுக்கற வேலை தினமும் சேரும். உடைஞ்ச ஊசி கிடந்தா முதல்ல ஒரு காந்தத்தால எடுத்துடுங்க, பேப்பர் பையை குத்திக் கிழிச்சுடும்.

வெட் அண்ட் டிரை மாடல், அதாவது தண்ணியையும் உறிஞ்சறது, வேணுமான்னு கேக்கறாங்க. மழைக்கு வாசல்ல தண்ணி ஏறற வீடு, வாஷிங் மெஷின் டியூப் கழண்டு ரூம் நனையற வீடு, அவங்களுக்கு வேணும். ஆனா தண்ணி உறிஞ்சறதுக்கு முன்னாடி பேப்பர் பையையும் டிரை ஃபில்டரையும் கழட்டணும், முடிஞ்சதும் டிரம்மைக் கழுவிக் காய வைக்கணும், இல்லைன்னா அடுத்த தடவை போடும்போது வீடு பூரா நாறும். டிரை மட்டும்னு போட்ட மாடல்ல ஒரு டம்ளர் தண்ணி போனாலும் மோட்டாருக்கு ஆபத்து, மோட்டார் போயிட்டா அப்புறம் புதுசு வாங்கற செலவுதான்.

தொழில் இல்லாத சாதாரண வீட்டுக்கு இன்னும் சுலபமுங்க. டைல்ஸ் தரைக்கு சீமாறும் மாப்பும் போதும், அதைவிட வேகமா எந்த மெஷினும் பண்ணாது. சீமாறால முடியாத இடம் எதெதுன்னு வீட்டுக்குள்ள ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு அதுக்கு மட்டும் வாங்குங்க: மெத்தை, சோபா இடுக்கு, கொசுவலை அடிச்ச ஜன்னல், அலுமினிய ஜன்னலோட ஓடற தடம், ஃபேன் ரெக்கை, ஏசி ஃபில்டர், கார் சீட்டு. இதுக்கெல்லாம் ஒரு ஹோஸ், ஒரு ஒல்லி மூக்கு, ஒரு சின்ன பிரஷ் இருந்தா போதும், 3000ல இருந்து 5000 ரூவாக்குள்ள வயர் மாடல் நல்லதாவே கிடைக்குது. வயர் இல்லாத ஸ்டிக் மாடல் கைக்கு லகுவா இருக்கும், மாடி வீட்டுக்காரங்களுக்கு, வயசானவங்களுக்கு சவுகரியம்தான், ஆனா 40 நிமிஷம் ஓடும்னு போட்டிருக்கறது லோ ஸ்பீடுல, மேக்ஸ்ல வச்சா பத்து நிமிஷம் தாண்டறதே பெரிசு, பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல வீக்காகும், அந்தப் பேட்டரி தனியா கிடைக்குமா, விலை என்னன்னு கேக்காம வாங்காதீங்க. ரோபோ நம்ம ஊரு வீட்டுக்கு யோசிச்சு வாங்கணும், ரூமுக்கு ரூம் வாசப்படி வச்ச பழைய வீட்டுல அது ஒரு ரூமைத் தாண்டாது, தரையில பாய் விரிச்சுப் படுக்கற வீட்டுல அதுக்கு வழியே இருக்காது.

வீசிங் இருக்கற வீட்டுக்காரங்க ஹெப்பான்னு, அதாவது ரொம்பப் பொடித் தூசியையும் புடிக்கற ஃபில்டர்னு, எழுதியிருந்தா வாங்கிடறாங்க. ஹெப்பா டைப்புன்னு எழுதியிருக்கறது வேற, ஹெச் 13னு கிளாஸ் போட்டிருக்கறது வேற. ஹெச் 13 ஃபில்டர்னா புடிக்கறதுக்கு ரொம்பக் கஷ்டமான சைஸ் துகளையே நூத்துக்கு 99.95 புடிக்கணும், சும்மா டைப்புன்னு போட்டா அந்தக் கணக்குக்கு யாரும் கட்டுப்பட்டவங்க இல்லை. மெத்தையில இருக்கற தூசிப்பூச்சி கண்ணுக்கே தெரியாது, அதோட கழிவுதான் நிறையப் பேருக்கு இழுப்பைக் கிளப்பி விடுது, மேலாக இருக்கறதை வேக்குவம் எடுக்கும், பூச்சி நார்ல ஒட்டிட்டு உள்ளயே இருக்கும். அதுக்கு தலையணை உறை, பெட்ஷீட் எல்லாம் 60 டிகிரி சுடுதண்ணில துவைக்கணும், மெத்தையை நல்ல வெயில்ல போட்டு எடுக்கணும், மெஷின் இதுக்கு மாத்து கிடையாது. வேக்குவம் போடும்போது வீசிங்காரங்கள அந்த ரூம்ல வச்சுக்காதீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வரச் சொல்லுங்க.

யாரும் சொல்லாத ஒன்னு பிளக்கு. நம்ம வீட்டு பெட்ரூம்ல இருக்கற சின்ன பாயின்ட் 6 ஆம்ப், 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டா 1380 வாட்ஸ்தான் தாங்கும். 1600 வாட்ஸ் வாங்கினா கீஸர், ஏசிக்கு இருக்கற பெரிய பாயின்ட்டைத் தேடணும், இல்லைன்னா கன்வெர்ட்டர் மாட்டி சின்ன பாயின்ட்ல சொருகுவாங்க, அந்த பாயின்ட்டு சூடாகி உருகறதை எங்க பக்கத்து வீட்டுலயே பாத்தோம், நல்ல வேளை கூடவே ஆள் இருந்தாங்க. 1200 வாட்ஸ்னா அந்தத் தொல்லை இல்ல, அரை மணி நேரம் ஓடினா 0.6 யூனிட், கரண்டு பில்லுக்கு பயப்பட ஒன்னும் இல்லை.

விலையில ஜிஎஸ்டி 2018 ஜூலையில 28ல இருந்து 18 சதவீதமாச்சு. ஆனா மெஷின் விலையை விட முக்கியம் அதுக்கப்புறம் ஆகற செலவு. பேப்பர் பை ஒன்னு என்ன விலை, ஃபில்டர் என்ன விலை, மோட்டார் கார்பன் பிரஷ் மாத்தலாமா, ஹோஸ் கிழிஞ்சா தனியா கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் திருப்பூர்லயே இருக்கா இல்ல கோயமுத்தூர் போகணுமா, இதெல்லாம் காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கு மெஷின் நல்லா இருக்கு, பை கம்பெனியே நிறுத்திட்டாங்க, மெஷின் பரண்ல கிடக்கு. கடைக்குப் போகும்போது உங்க வீட்டுக் குப்பையை ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போய் டெமோ பண்ணச் சொல்லுங்க, தர மாட்டேன்னு சொல்ற கடையில வாங்காதீங்க.

எங்கள மாதிரி வீட்டோட தைக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல வாரண்டி கார்டுல வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு பொடி எழுத்துல இருக்கும், ரிப்பேருக்குப் போனா பஞ்சைப் பாத்துட்டு கமர்ஷியல் யூஸ்னு திருப்பி அனுப்புவாங்க. முன்கூட்டியே படிச்சுப் பாருங்க, தையல் வேலைக்கும் வாரண்டி உண்டுன்னு கடைக்காரரை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, சொந்தமா தொழில் பண்ணி வயித்தைக் கழுவறதுக்காக மட்டும் ஒரு பொருளை வாங்கி தானே பயன்படுத்தினா அவங்களும் நுகர்வோர்தான்னு விளக்கம் இருக்கு. மெஷின் மோசமா இருந்தா புகார் குடுக்க எங்களுக்கும் உரிமை உண்டு, 1915ங்கற நுகர்வோர் உதவி நம்பருக்கு போன் பண்ணினா தமிழ்லயே பேசலாம்.

ஆசிரியர் அவர்கள்கிட்ட நான் கேக்கறது ரெண்டுங்க. விளம்பரம் குடுக்கற கடைக்காரங்ககிட்ட வாட்ஸுக்குப் பக்கத்துலயே கிலோ பாஸ்கலும் ஃபில்டர் விலையும் போடச் சொல்லிக் கேளுங்க, நீங்க கேட்டா போடுவாங்க. அப்புறம் வாரா வாரம் வர்ற மகளிர் பக்கத்துல ஒரு தடவையாவது திருப்பூர், ஈரோடு, கரூர்னு வீட்டுலயே துணி வேலை பாக்கறவங்களுக்குன்னு, பஞ்சு தூசியை எப்படி சமாளிக்கறதுன்னு நெஞ்சு டாக்டர் ஒருத்தரையும் மெஷின் மெக்கானிக் ஒருத்தரையும் வச்சு ஒரு கட்டுரை போடுங்க, தீபாவளி ஆர்டர் முடிஞ்சு எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடற நேரத்துல வந்தா நிறையப் பேரு படிப்பாங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை பல வருஷமா படிக்கற வாசகி,
திருப்பூர்.