'அனுமதி இல்லை' என்று நாஸ் சொன்னால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் பெட்டி) வாங்கியவர்களும், பழைய கணினியையே வீட்டுச் சேமிப்பகமாக மாற்றித் தரச் சொன்னவர்களும் அதிகமாக அழைப்பது ஒரே விஷயத்துக்காகத்தான். ஃபோல்டர் தெரிகிறது, திறந்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது. அல்லது படிக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை. அல்லது ஒரு கணினியில் திறக்கும் கோப்பு பக்கத்து அறைக் கணினியில் திறக்க மாட்டேன் என்கிறது. பெட்டி பழுதாகிவிட்டதோ என்ற பயத்தில்தான் பலரும் கூப்பிடுகிறீர்கள். பெரும்பாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த மாதிரி நேரத்தில் இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம் '777 போடுங்கள்' என்பது. அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டில் ஏதாவது ஒரு கணினிக்குள் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்தால், அந்தக் கணினியால் எழுத முடிகிற எல்லாவற்றையும் அது பூட்டிவிடும். எல்லோருக்கும் திறந்து வைத்தால் அந்த 'எல்லாம்' என்பது மொத்தச் சேமிப்பகமும்தான். இன்னொன்று, 777 ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைத்தான் மாற்றும். நாளை உருவாகும் புதிய கோப்பு பழையபடியே வரும், நீங்களும் மறுபடி அழைப்பீர்கள்.

அனுமதியை மாற்றும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: இப்போது நாஸ் உங்களை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது? நீங்கள் யாராக உள்ளே போனதாக நினைக்கிறீர்கள் என்பது வேறு, அது யாராகப் பார்க்கிறது என்பது வேறு. எங்களுக்கு வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் கிடக்கின்றன.

கண்டுபிடிப்பது எளிது. எழுத முடிகிற ஏதாவது ஒரு ஃபோல்டரில் அந்தக் கணினியிலிருந்தே ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். பிறகு நாஸின் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். எங்குமே எழுத முடியவில்லையா? நிர்வாகப் பக்கத்தில் 'இணைந்திருக்கும் யூசர்கள்' பட்டியல் இருக்கும்; அதில் உங்கள் கணினிக்கு நேராக என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்தால் போதும். அங்கே உங்கள் பெயருக்குப் பதிலாக 'கெஸ்ட்' (விருந்தாளி) அல்லது 'நோபடி' (யாருமில்லை) என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அது எப்படி நடக்கிறது என்றால், விண்டோஸ் முதலில் உங்களைக் கேட்காமலே, நீங்கள் கணினிக்குள் நுழைந்த அதே பெயரையும் பாஸ்வேர்டையும் நாஸிடம் நீட்டிப் பார்க்கிறது. அந்தப் பெயரே நாஸில் இல்லை என்றால், சில அமைப்புகள் 'சரி, விருந்தாளியாக வா' என்று சத்தமில்லாமல் உள்ளே விட்டுவிடும். உபுண்டு என்ற லினக்ஸில் சம்பாவை (லினக்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் மென்பொருள்) நிறுவியதும் கிடைக்கும் அமைப்பே இப்படித்தான். விருந்தாளியால் படிக்க முடியும், எழுத முடியாது. பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போனதால் 'லாகின் சரியாகத்தான் இருக்கிறது' என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 பதிப்பு வந்த பிறகு இதே சிக்கல் வேறு முகத்தில் வருகிறது: அது விருந்தாளி இணைப்பையே ஏற்பதில்லை. நேற்று வரை திறந்த ஃபோல்டர் அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். விருந்தாளி இணைப்பை விண்டோஸில் மறுபடி இயக்கிவிடும் வழி இருக்கிறது. ஆனால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் நாஸில் ஒரு யூசர் கணக்கு உருவாக்குங்கள், அதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. பழைய கணினியில் சம்பா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சம்பாவின் பாஸ்வேர்டு பட்டியல் தனி. லினக்ஸ் பாஸ்வேர்டை மாற்றினால் சம்பாவிலும் அது தானாக மாறிவிடும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு தொல்லை, 1219 என்ற எண்ணோடு வரும் பிழை. ஒரே சர்வரோடு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. காலையில் பொது ஃபோல்டரைக் குடும்பக் கணக்கில் திறந்திருப்பீர்கள். மாலையில் உங்கள் சொந்த ஃபோல்டரை உங்கள் பெயரில் திறக்கப் பார்ப்பீர்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் நடக்காது. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் நடப்பில் உள்ள இணைப்புகள் தெரியும். பழையதைத் துண்டித்துவிட்டு, கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த நாஸ் பெயரில் சேமித்து வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டு, திரும்ப இணையுங்கள். இரண்டு கணக்கும் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு: ஒன்றை நாஸின் பெயரால் இணையுங்கள், இன்னொன்றை ஐபி முகவரியால். விண்டோஸ் அவற்றை இரண்டு தனித்தனி சர்வர்களாக எடுத்துக்கொள்ளும். நேர்த்தியான வழி இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

யார் என்பது தெளிவான பிறகுதான் அனுமதிக்கு வர வேண்டும். அதிலும் இரண்டு அடுக்கு இருக்கிறது: பகிர்வுக்கு, அதாவது நெட்வொர்க்கில் பகிர்ந்த மேல் ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி ஒன்று, உள்ளே ஃபோல்டருக்கும் கோப்புக்கும் கொடுத்த அனுமதி இன்னொன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். பகிர்வில் 'படிக்க, எழுத' என்று கொடுத்துவிட்டு, உள்ளே ஃபோல்டரில் 'படிக்க மட்டும்' என்று விட்டிருந்தால் எழுத முடியாது. 'மறுப்பு' என்று எங்காவது டிக் செய்திருந்தால், நீங்கள் வேறொரு குரூப் வழியாகப் பெற்ற அனுமதியையும் அது பெரும்பாலும் அடித்துவிடும். அதனால் மறுப்பை நாங்கள் தொடுவதே இல்லை. அனுமதி கொடுக்காமல் விட்டாலே போதும். புதிதாக ஒருவரைக் குரூப்பில் சேர்த்தால் அவர் இணைப்பைத் துண்டித்து மறுபடி நுழைய வேண்டும். பழைய இணைப்புக்குப் பழைய குரூப்தான் தெரியும்.

லினக்ஸ் கணினியிலிருந்து எஸ்எம்பி (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் பகிர்வு முறை) பகிர்வை மவுண்ட் செய்பவர்களுக்கு, அதாவது தங்கள் கணினியின் ஒரு ஃபோல்டரில் அதை இணைத்துக்கொள்பவர்களுக்கு, ஒரு தனிக் குழப்பம் உண்டு. மவுண்ட் வரியில் யுஐடி (யூசர் எண்), ஜிஐடி (குரூப் எண்) கொடுக்காமல் விட்டால் எல்லாக் கோப்பும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமானவை போலத் தெரியும், உங்களால் எழுத முடியாது. அந்த இரண்டையும் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அவை உங்கள் பக்கத்துக் காட்சி மட்டுமே. நாஸ் பார்ப்பது மவுண்ட் செய்யும்போது கொடுத்த யூசர் கணக்கை. அதனால்தான் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் பிழையும் வராது, மாற்றமும் நடக்காது. மாற்ற வேண்டியதை நாஸ் பக்கத்தில் மாற்றுங்கள்.

என்எஃப்எஸ், அதாவது லினக்ஸ் வகைக் கணினிகளில் வழக்கமான இன்னொரு பகிர்வு முறை, இதற்கு நேர் எதிர். வீடுகளில் வழக்கமாக வைக்கும் என்எஃப்எஸ் பெயரையும் கேட்காது, பாஸ்வேர்டையும் கேட்காது. யூசர் எண்ணை மட்டும் பார்க்கும். இரண்டு வகுப்புகளில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வரிசை எண் இருப்பது போல, உங்கள் கணினியில் ஓர் எண் உங்களுக்குரியதாகவும், நாஸில் அதே எண் வேறு யாருக்கோ உரியதாகவும் இருக்கலாம். உபுண்டுவில் முதல் யூசரின் எண் 1000. மேக்கில் 501. சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் நீங்கள் உருவாக்கும் முதல் யூசருக்கு வழக்கமாக 1026. மூன்றிலும் நீங்கள் ஒரே பெயரை வைத்திருந்தாலும் என்எஃப்எஸ்ஸுக்கு மூவரும் வேறு வேறு ஆட்கள். ரூட்டாகப் போனால் திறந்துவிடும் என்று சிலர் சூடோ (ரூட்டாக இயக்கும் கட்டளை) போட்டுப் பார்க்கிறார்கள். ரூட்டை 'நோபடி'யாக மாற்றிவிடும் பாதுகாப்பு, லினக்ஸ் சர்வரில் இயல்பாகவே போட்டிருக்கும், ஆகவே இருந்த அனுமதியும் போய்விடும். எல்லாக் கணினிகளிலும் எண்களை ஒன்றாக்குவது ஒரு வழி. யார் வந்தாலும் நாஸில் உள்ள ஒரே யூசராக எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னொரு வழி. நாஸ் செட்டிங்ஸில் அது 'ஸ்குவாஷ்' என்ற பெயரில் இருக்கும். படம், பாட்டு வைக்கும் பொதுப் பகிர்வுக்கு இரண்டாவதே போதும். தனிப்பட்ட ஆவணங்களுக்கு அதை வைக்காதீர்கள், அங்கே எல்லோரும் ஒருவராகிவிடுவார்கள். அவற்றை எஸ்எம்பியில் வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

அப்புறம், 'ஒரே ஃபோல்டரில் சில கோப்புகள் மட்டும் திறக்கவில்லை' என்ற புகார். அந்தக் கோப்புகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பெரும்பாலும் யாரோ ஒருவரின் சொந்த ஃபோல்டரிலிருந்து நகர்த்தியவையாக இருக்கும். ஒரே வால்யூமுக்குள் (நாஸில் ஒரே சேமிப்புப் பகுதிக்குள்) நகர்த்தினால் கோப்பு தன் பழைய அனுமதியோடுதான் வரும். நகல் எடுத்து வைத்தால் புதிய இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே பொது ஃபோல்டருக்கு நகலெடுங்கள், பிறகு பழையதை அழியுங்கள். ஏற்கெனவே நகர்த்தியதற்கு, நாஸில் மேல் ஃபோல்டரின் அனுமதியைக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பொருத்தும் வசதியை ஒருமுறை இயக்குங்கள். அழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை: லினக்ஸ் வகை அனுமதியில் ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மேல் உரிமை தேவையில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருந்தால் போதும். 'படிக்க மட்டும்' என்று குறித்து வைத்த கோப்பு எப்படி மாயமானது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அனுமதிக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. வேறு கணினியில் யாரோ அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் உங்களுக்குப் படிக்க மட்டுமே கிடைக்கும். டிஸ்க் நிரம்பியிருக்கலாம், ஒதுக்கிய அளவு தீர்ந்திருக்கலாம். யுஎஸ்பி வழியாகச் செருகிய டிஸ்க் எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் கோப்புவாரி அனுமதி என்பதே அதில் கிடையாது. லினக்ஸில் மவுண்ட் நடக்காமலே இருந்தால் நீங்கள் சேமிப்பது உங்கள் கணினியின் வெற்று ஃபோல்டருக்குள் போய்விடும். பிறகு மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் மறைந்தது போல இருக்கும். அழிந்துவிடவில்லை, மவுண்டை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் மேல் தீரவில்லை என்றால் எங்களுக்கு எழுதுங்கள். எந்தக் கணினி, எந்த இயங்குதளம், எந்தப் பகிர்வு, எஸ்எம்பியா என்எஃப்எஸ்ஸா, படிக்க முடியவில்லையா எழுத முடியவில்லையா, நாஸில் தெரியும் யூசர் பெயர் என்ன, இவற்றோடு பிழைச் செய்தியின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் அனுப்ப வேண்டாம், அதை நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

அன்புடன்,
சேவைப் பிரிவு