பாப்பாவின் காலுக்காக ஓடிவந்தவர்களுக்கு

பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டும் ஒரு தகப்பன் எழுதுகிறேன். சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கிய என் நான்கு வயது மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் துவண்டன. முதலில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று தைலம் எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் நம்பியிருப்போம். சின்ன மாமாதான் விடவில்லை. இரண்டு வயதில் போலியோ வந்தவர். இன்றும் வலது தொடையைக் கையால் அழுத்திக்கொண்டுதான் ஒவ்வொரு எட்டும் வைப்பார். "மாப்ள, ஒரு நாள்கூட வெக்காதீங்க, கோயமுத்தூர் போயிருங்க" என்றார். மாமா, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அங்கே டாக்டரம்மா காலைப் பார்த்ததுமே போனை எடுத்துத் தகவல் சொன்னார். பதினைந்து வயதுக்குள் யாருக்குக் கை கால் திடீரெனத் துவண்டாலும் போலியோவா என்று பார்த்தே ஆக வேண்டுமாம். 14 நாளுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் சென்னை கிண்டியில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் பாப்பா அடம் பிடித்தாள். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், வாழைப்பழத்தை ஊட்டி, கதை சொல்லிக் காத்திருந்த நர்ஸக்கா, உங்களை மறக்க மாட்டோம்.

அதற்குள் எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் வீதி வீதியாக, வடமாநிலத்தவர் குடியிருக்கும் லைன் வீடுகள் வரைக்கும் போய், வேறு எந்தப் பிள்ளைக்காவது இப்படி இருக்கிறதா என்று விசாரித்து, தடுப்பூசி அட்டைகளையும் பார்த்திருக்கிறார். "2004க்கு அப்புறம் நம்ம தமிழ்நாட்டுல போலியோ இல்லீங்களே, எதுக்குங்க இத்தனை பாடு?" என்று கேட்டேன். "தேடிக்கிட்டே இருக்கறதாலதானுங்க இல்லைன்னு சொல்ல முடியுது" என்றார். காசாவில் 25 வருடம் இல்லாதிருந்த போலியோ, 2024-இல் முதலில் சாக்கடைத் தண்ணீரில் தென்பட்டு, அப்புறம் பத்து மாதக் குழந்தை ஒன்றின் காலை முடக்கியதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அங்கே போரில் தடுப்பூசி தடைபட்டிருந்தது.

பாப்பாவுக்குப் போலியோ இல்லை. நரம்பைத் தாக்கும் கில்லன்-பாரே என்ற வேறு நோய். இப்போது நடக்கிறாள். போலியோ இல்லை என்று தெரிந்த பிறகும், இரண்டு மாதம் கழித்து வந்து அவள் நடையைப் பார்த்துவிட்டுப் போனீர்களே செவிலியரம்மா, அப்போது எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அடுத்த சொட்டு மருந்து முகாமை எங்கள் தறிக்கொட்டகை வாசலிலேயே வையுங்கள். பந்தல், மேசை, சாப்பாடு எங்கள் பொறுப்பு. லைன் வீட்டுப் பிள்ளைகளை மாமா கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.